'ஒருபோதும் இல்லை' என்று குறித்தவள்

மார்ச் 3

அக்கா,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பையில் போட்டிருப்பாய் என்று பயம். இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் நான் பிழைத்தேன். போனில் என்னைத் தடுத்துவிட்டாய். அத்தானுக்குப் போட்டேன். லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினார். "என்னை நடுவுல இழுக்காதே மச்சான். 'வாய்க்கு வந்ததைப் பேசுறவன் உக்காந்து கையால எழுதட்டும், எழுதறதுக்குள்ள புத்தி வரும்'னு சொல்லச் சொன்னா உங்கக்கா. சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

எழுதுகிறேன். புத்தி வந்ததா என்று நீ சொல்.

"பொய் சொல்றேக்கா" என்று நான் கத்தியது தப்பு. ஆனால் நான் ஏன் கத்தினேன் என்பதையும் கேள். மூன்று வருடமாக இது ஒன்றுதான் என் வேலை. இணையத்தில் நம்மைப் போன்றவர்கள் நிறத்துக்காகவும் பிறந்த இடத்துக்காகவும் படுகிற அவமானத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரிக்கிறோம். "கடந்த ஒரு வருடத்தில் உங்கள் நிறத்தைச் சொல்லி யாராவது இழிவாக எழுதினார்களா? உங்கள் பேச்சைக் கிண்டல் செய்தார்களா? உங்கள் நாட்டுக்கே திரும்பிப் போகச் சொன்னார்களா?" என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' முதல் 'தினமும்' வரை கட்டங்கள். தமிழில் எழுதி முதலில் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். நீ வாராவாரம் குழாய் ரிப்பேர் வீடியோ போடுகிறவள். நம் நிறத்தில் ஒரு பெண், கையில் ஸ்பானர், அவர்கள் மொழியை நம் ராகத்தில் பேசுகிறாள், ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். நீ எல்லாக் கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று டிக் போட்டு அனுப்புகிறாய். நான் என்ன நினைப்பது?

எங்கள் பேராசிரியர் அம்மா உன் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஒரே கட்டத்துல வரிசையா டிக் போடறவங்க கேள்வியே படிச்சிருக்க மாட்டாங்க. எடுத்துடு" என்றார். எடுக்கவில்லை. அந்தத் தாள் என் மேசையில் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எழுந்து நடக்கிறேன், வந்து உட்காருகிறேன், மறுபடியும் பார்க்கிறேன்.

உண்மையைச் சொல் அக்கா. அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன்னைக் கோபப்படுத்துவதற்கென்றே பிறந்த
தம்பி


மார்ச் 12

டேய் படிப்பாளி,

புத்தி வரவில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆரம்பித்து மறுபடியும் "உண்மையைச் சொல்" என்றுதான் முடித்திருக்கிறாய்.

நான் உன் கேள்விகளைப் படித்தேன். ஒரு வீட்டில் சிங்க் அடைப்புக்கு மருந்து ஊற்றிவிட்டு, அது இறங்கும் வரைக்கும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். யோசித்துத்தான் போட்டேன். நேரில் நடந்ததைக் கேட்டிருந்தால் உன் தாள் போதாது. நான் உள்ளே போகும் முன் பர்ஸை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை முடித்ததும் நான் குடித்த டம்ளரை என் கண் முன்னாலேயே குப்பையில் போட்டவர் ஒருவர் இருக்கிறார். நீ அதைக் கேட்கவில்லை. இணையத்தில் என்றுதான் கேட்டாய். இணையத்தில் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் கிடைக்காத மரியாதை எனக்கு அங்கேதான் கிடைக்கிறது.

வீடியோவைப் பிடிப்பது, வெட்டுவது, போடுவது எல்லாம் நம் வீட்டு வாண்டுதான். எனக்கு இந்த மொழி பேச வரும், படிக்க நேரமாகும் என்று உனக்குத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் படித்துக் காட்டுவாள். "அம்மா, ஒருத்தர் உன் கைக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கணும்னு சொல்றாரு." "அம்மா, ஒரு பொண்ணு தனியா வீடு எடுத்திருக்காளாம், உன்னைப் பாத்து வாஷர் மாத்திட்டாளாம், அழுதாளாம்." நானும் அத்தானும் சிரிப்போம். என் நாளில் அந்தக் கால் மணி நேரம் எனக்குப் பெரிது.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? நீ எனக்கு ஏதாவது கெட்டது நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற மாதிரி இருக்கிறது. உன் கட்டம் நிரம்ப வேண்டுமே.

அது கிடக்கட்டும். வாண்டுதான் எனக்குக் கவலை. பதினாறு வயதில் இப்படி இளைப்பார்களா? போனைக் கீழே வைப்பதில்லை. கூப்பிட்டால் எரிந்து விழுகிறாள். கூட்டாளிகள் யாரும் வருவதில்லை. பள்ளியிலிருந்து வரச் சொல்லி, "வகுப்பு நடுவுல அடிக்கடி பாத்ரூம் போறா, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்கள். டாக்டரிடம் காட்டினேன். ஒன்றுமில்லை, வயசு அப்படி என்றார். இந்த மாதக் கடைசியில் பள்ளியில் காட்டு முகாமுக்குக் கூட்டிப்போகிறார்கள். போன் கூடாதாம். போகமாட்டேன் என்று ஒரே அடம். அத்தான் ஒரு அதட்டுப் போட்டதும் சரி என்றாள்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

"ஆசைப்படுகிற மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி என்னை உட்கார விடவில்லை. இல்லை என்று எழுத நான்கு தாளை வீணாக்கினேன். கோபத்தில் எழுதியது ஒன்று, அழுகை ஒன்று. அனுப்புகிற மாதிரி எதுவும் வரவில்லை. கொஞ்சம் இருக்கலாம் அக்கா. நல்ல செய்தி வந்தால் சந்தேகப்படுகிற ஆளாகிவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். போன வாரம் ஒரு கூட்டம். இணையக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர், அரசாங்கத்துக்காரர் ஒருவர். ஒரு டாக்சி டிரைவர் எங்களிடம் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். அவர் பெண்ணின் கல்யாணப் படத்தைப் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே குரங்குப் படங்களாக ஒட்டிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் கை மட்டும் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தது. நான் முடித்ததும் கம்பெனிக்காரர், "வருத்தமான விஷயம்தான். ஆனா இது ஒருத்தரோட கதை. நம்பர் இருக்கா?" என்றார். அளக்காத வரைக்கும் எல்லாம் புலம்பல்தான் அவர்களுக்கு. அதனால்தான் இந்தத் தாளைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

நீ நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை. நம்புகிறேன். உன் தாளை மற்றவர்கள் தாளோடு சேர்த்துவிட்டேன். பேராசிரியர் அம்மா முகத்தைச் சுளித்தார், விட்டுவிட்டார்.

வாண்டு எனக்கும் பதில் போடுவதில்லை. முன்பெல்லாம் கேலிப் படமாக அனுப்பித் தள்ளுவாள். முகாமுக்குப் போகட்டும், நல்லது. மரம் மட்டை பார்க்கட்டும்.

தம்பி


மார்ச் 27

என்ன செய்தாய் நீ?

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். உன் தாளில் என் பெயரோ, வீடியோ விவரமோ யார் கண்ணிலாவது பட்டதா? அந்தக் கம்பெனிக்காரர்களிடம் காட்டினாயா?

வாண்டு திங்கட்கிழமை கிளம்பினாள். பஸ் ஏறும் வரைக்கும், "நான் வர்ற வரைக்கும் புதுசா எதுவும் போடாதேம்மா, நீ தப்பாப் போட்டுடுவே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு ரோஷம். கழிவறைத் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஓடுவதைச் சரி செய்கிற வீடியோ, அவள் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தது. நானே போட்டேன். காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் காபியை வைத்துக்கொண்டு, யார் என்ன பாராட்டியிருக்கிறார்கள் என்று எழுத்துக்கூட்டிப் படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் எனக்குத்தான் மொழி புரியவில்லை என்று நினைத்தேன். ஒரு வார்த்தையை அகராதியில் பார்த்தேன். அந்த வார்த்தைக்கு அகராதியில் ஒன்றுதான் அர்த்தம்.

'உங்கள் நாட்டில் முதலில் கழிவறை இருக்கிறதா?' 'அந்தக் கை பட்ட தண்ணீரை எந்த வீட்டில் குடிப்பார்கள்?' 'இவளை வீட்டுக்குள் விட்டவன் வீட்டில் என்னென்ன காணாமல் போனது என்று கேளுங்கள்.' இதெல்லாம் நான் எழுதக்கூடியவை. எழுதக்கூடாதவை எத்தனையோ. படிக்கப் படிக்கப் புதிதாக வந்துகொண்டே இருந்தது.

நேற்று வரைக்கும் நல்லவர்களாக இருந்தவர்களுக்கு இன்றைக்கு என்ன வந்தது? நான் ஏதாவது தப்பாகப் பேசினேனா என்று அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மிதவை, வால்வு, ரப்பர் வளையம். அதைத் தவிர நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வேலைக்குப் போன வீட்டில் குழாயைக் கோணலாக முறுக்கித் திருகு மரையைக் கெடுத்துவிட்டேன். தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் அப்படிச் செய்ததில்லை. அந்த அம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் எழுதியிருப்பாளோ என்று தோன்றியது. இனி எந்த வீட்டு மணியை எப்படி அடிப்பேன்?

அத்தான், "நான் பாக்கறேன் குடு" என்று வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் போன் சோபாவில் கிடக்கிறது, வெளியே லாரியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். காலையில்தான் கழுவியிருந்தார்.

பதில் சொல்.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. போனில் முயன்றேன், இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறாய். அத்தான் எடுக்கவில்லை. அதனால் இதைத் துரித அஞ்சலில் அனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டு எது வேண்டுமானாலும் செய்.

உன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. யாரிடமும் காட்டவில்லை. இது சத்தியம்.

இரண்டாவது, யாரும் திடீரென்று மாறவில்லை. உன் பழைய வீடியோக்களுக்குக் கீழே போய்ப் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டும், உன் மேல் இருந்த கோபத்தில் பார்க்கவில்லை. எல்லாம் பாராட்டுதான். நீ சொன்னது உண்மை. ஆனால் நடுநடுவே வேறு மாதிரி சில. 'மேலே எழுதியவருக்கு வெட்கமே இல்லையா? அந்தப் பெண் உங்களுக்கு என்ன செய்தார்?' என்று ஒருவர் கேட்கிறார். மேலே யாரும் இல்லை. இன்னொரு வீடியோவில், 'இப்படிப் பேசுகிறவர்களைப் போலீசில் சொல்ல வேண்டும்' என்று ஒரு அம்மாள். யார் பேசினார்கள் என்றால், யாரும் பேசவில்லை. முதல் வீடியோவிலிருந்து இப்படித்தான் இருக்கிறது.

மேலே இருந்தவற்றை யாரோ ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்கள். நீ படிப்பதற்கு முன்னால் எடுத்திருக்கிறார்கள். இயந்திரம் எடுத்த மாதிரி இல்லை. இயந்திரம் நல்ல வார்த்தையையும் சேர்த்துத் தூக்கியிருக்கும். இது மனிதர் உட்கார்ந்து, படித்து, எடுத்தது.

அந்த வீடியோக் கணக்கின் சாவி, அந்த பாஸ்வேர்டு, யாரிடம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

அவள் வகுப்பு நடுவில் ஏன் எழுந்து போனாள் என்று இப்போது தெரிகிறது. முகாமுக்கு ஏன் அடம் பிடித்தாள் என்றும் தெரிகிறது.

அக்கா, அவள் வந்ததும் கத்தாதே. போனைப் பிடுங்காதே. முதலில் சாப்பிட விடு.

எங்கள் கேள்வித்தாளில் முதல் வரியே 'உங்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டதா?' என்பதுதான். இல்லை என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவோம். இத்தனை நாளும் நான் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பட்டவளோ உன் பக்கத்தில் உட்கார்ந்து உனக்குப் பாராட்டு படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தம்பி


ஏப்ரல் 8

தம்பி,

கத்தாதே என்றாய். கத்தினேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முகமெல்லாம் வெயிலில் கறுத்து, சிரித்துக்கொண்டு இறங்கினாள். இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. வழியெல்லாம் பேசினாள். கூடாரம், மழை, யாரோ குரட்டை விட்டது. வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றினாள், பையைக்கூட இறக்கவில்லை, "என் போன் எங்கம்மா?" என்றாள். அந்தச் சிரிப்பு போய்விட்டது.

நான் சமையலறையில் நின்றுகொண்டு கேட்டேன். "எத்தனை நாளா அழிச்சிட்டிருக்கே?"

"எதைம்மா?"

"நான் படிச்சிட்டேண்டி. நீ இல்லாதப்ப ஒண்ணு போட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள் பார், எனக்குப் பயமாகிவிட்டது.

"போடாதேன்னு சொன்னேன்ல? எத்தனை தடவை சொன்னேன்!"

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவே. அந்த வீடியோ எடுக்கறப்ப மட்டும்தான் நீ நல்லா இருக்கே. மத்த நேரமெல்லாம் வேலை முடிஞ்சு வந்து சுவத்தைப் பாத்து உக்காந்திருப்பே. எனக்குப் பழகிடுச்சும்மா. முதல் மூணு வார்த்தை பாத்தா தெரிஞ்சிடும். முழுசாப் படிக்கவே வேண்டாம்."

"படிக்காமலா இப்படி ஆயிட்டே?"

பை வாரைத் திருகிக்கொண்டு மெதுவாக, "என் கை தெரியற வீடியோ ஒண்ணு இருக்கில்ல, டார்ச் பிடிச்சிட்டு. அதுல மட்டும் முழுசாப் படிச்சேன். என்னைப் பத்தி எழுதியிருந்தாங்க" என்றாள். என்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை. நான் கேட்டிருக்கக் கூடாது.

அங்கேதான் கத்தினேன். அவளைப் பார்த்துத்தான் கத்தினேன், ஆனால் யார் மேல் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. எல்லாவற்றையும் மூடுகிறேன், ஒரு வீடியோ இருக்கக் கூடாது என்றேன். அவள் பையைத் தரையில் போட்டாள். "அப்ப நான் இத்தனை நாள் செஞ்சதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

இன்றைக்கு மூன்றாவது நாள். அத்தானோடு மட்டும் பேசுகிறாள். எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு வீட்டுக்குப் போய்க் கருவிப் பெட்டியைத் திறந்து, என்னத்துக்குத் திறந்தேன் என்று மறந்து நின்றேன்.

நீ கேட்டாயே, உண்மையைச் சொல் என்று. நான் சொன்னது உண்மைதான். எனக்கு ஒருபோதும் நடக்கவில்லை. நடக்க விடவில்லை அவள்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

ஒன்று சொல்ல வேண்டும், திட்டினால் திட்டு. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் என் மனதில் ஓடியது, 'இதற்கு நம்மிடம் கேள்வியே இல்லையே' என்பது. குழந்தை எப்படி இருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஆனாலும் போய்ப் பேராசிரியர் அம்மாவிடம் சண்டை போட்டேன். நீ யார், வாண்டு யார் என்று சொல்லவில்லை. ஒரு வீட்டில் இப்படி என்று மட்டும் சொன்னேன். 'உங்களுக்கு வருவதை வேறு யாராவது உங்களுக்கு முன்னால் படிக்கிறார்களா? நீங்கள் வேறு யாருக்காகவாவது படிக்கிறீர்களா?' இந்த இரண்டும் வேண்டும், வயது வரம்பும் இறங்க வேண்டும் என்றேன்.

"சின்னப் பிள்ளைங்கன்னா தனி அனுமதி, பெத்தவங்க கையெழுத்து, ஆலோசகர் பக்கத்துல இருக்கணும். உன் படிப்பு இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"கேட்கிற கேள்வியாலயே அதுங்களுக்கு வலிக்கும். அது தெரியுமா?"

நான் எழுதி வைத்திருந்த தாளை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அந்த இரண்டு கேள்விகளையும் மறுபடி படித்தார். பிறகு, "என் பையன் என் மெயிலெல்லாம் அவன்தான் முதல்ல திறப்பான். சோம்பேறி அம்மாவுக்கு உதவி பண்றான்னு நினைச்சுட்டிருக்கேன்" என்றார். எழுந்து போய்விட்டார். மறுநாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூடுவதா வேண்டாமா என்பதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவளைக் கேட்காமல் மூடாதே. எங்கள் ஆலோசகர் நல்ல பெண். அவளோடு பேச வாண்டு சம்மதித்தால் சொல். இந்த இரண்டு கேள்விகளின் வாசகத்தையும் வாண்டுவிடம் காட்டலாமா? எப்படிக் கேட்டால் வலிக்காது என்று அவள் சொல்லுவாள். அவளுக்கு மனசு இருந்தால் மட்டும்.

தம்பி


மே 5

தம்பி,

தாமதத்துக்குக் கோபிக்காதே. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

உன் இரண்டு கேள்விகளையும் அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "மாமாகிட்ட சொல்லு, நல்ல கேள்விதான். ஆனா நான் இப்ப எதையும் படிக்க மாட்டேன். யாருக்கும் எதையும் சரி பண்ணித் தர மாட்டேன். நான் தூங்கணும்" என்றாள். உன் ஆலோசகரோடு மட்டும் பேசினாள், இரண்டு முறை. என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டேன்.

கணக்கின் சாவியை என்னிடம் கொடுத்தாள், சண்டை இல்லாமல் இல்லை. மூடவில்லை. வீடியோ போடுகிறேன். டார்ச்சை அத்தான் பிடிக்கிறார், பாதி நேரம் கூரைக்கு வெளிச்சம் காட்டுகிறார். வருவதை நானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன், நானே எடுக்கிறேன். என் மொழி தேறிவிட்டது போ. சில நாள் படித்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், எழுதினவனுக்குத்தான் அசிங்கம் என்று. சில நாள் அதற்குத் தெம்பு இல்லை.

அவளுக்கு இன்னும் கை நிற்கவில்லை. சாப்பிடும்போது விரல் மேசையில் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, எதையோ அழிக்கிற மாதிரி. ராத்திரி சாப்பாட்டில் யாரும் எதையும் படிப்பதில்லை. அந்த அமைதிக்கு நாங்கள் மூன்று பேரும் பழகவில்லை.

போன சனிக்கிழமை நகராட்சி நீச்சல் குளத்திலிருந்து கூப்பிட்டார்கள், குளியலறைக் குழாய்கள் வரிசையாக ஒழுகுகின்றன என்று. சும்மா வா என்று அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். என்ன நினைத்தாளோ, நீச்சல் உடையை எடுத்துக்கொண்டாள். நான் வேலையை முடித்துவிட்டுக் குளத்தோரப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். தண்ணீரில் அவளும் இரண்டு வயதானவர்களும்தான். நீந்திக்கொண்டிருந்தாள். என் பை பக்கத்தில் இருந்தது. உள்ளே போன் அதிர்ந்துகொண்டிருந்தது. காலையில்தான் ஒரு வீடியோ போட்டிருந்தேன்.

அவள் இந்தக் கரைக்கு வரும்போதெல்லாம் தலையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்து என்னைப் பார்ப்பாள். நான் பார்க்கிறேனா என்று பார்க்கிறாள் என நினைத்துச் சிரித்தேன், தலையாட்டினேன். நாலைந்து முறைக்குப் பிறகுதான் புரிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்க்கிறாள். பைக்குள் போகிறதா என்று பார்க்கிறாள்.

நான் பையை எடுத்துப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த முறை அவள் தலை மேலே வந்தபோது இரண்டு கைகளையும் தூக்கி விரித்துக் காட்டினேன். உள்ளங்கை முழுவதும் மரை கிழித்த கீறல், கறுப்புப் பசை. வேறொன்றும் இல்லை. குளத்துக் காவலாளி என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பான்.

அவள் கொஞ்ச நேரம் கரையைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பி நீந்தினாள். அதற்கப்புறம் அந்தக் கரைக்குப் போய் வந்தவள், தலையைத் தூக்கிப் பார்க்காமலேயே திரும்பினாள்.

நான் கையை இறக்கவில்லை.

அக்கா